டியூபின் பின்பக்கத்தைப் படித்து ஷேவிங் கிரீம் வாங்குவது

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. உணவுப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ் எடுத்த தொழிற்சாலைகளில் தாடிக்காரருக்கு இரண்டே வழிதான். தினமும் வழித்துவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் தாடிக்கு வலை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சலிக்கும் அறையின் தூசியில் ஒரு ஷிப்ட் முழுக்க வலை கட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாடு. அதனால் எங்களில் முக்கால்வாசிப் பேர் தினமும் ஷேவ் எடுக்கிறவர்கள். காலை ஷிப்ட் என்றால் வெளியே இருட்டு விலகாத நேரத்திலேயே எடுத்தாக வேண்டும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இந்தப் பக்கத்துக் குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படிகிற நாட்களும் உண்டு. பீலித் தண்ணீரில் முகம் கழுவி வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் பட்டதும் தோல் இழுத்துக்கொண்டு சிலிர்த்து நிற்கும், மயிர்க்கால் ஒவ்வொன்றும் புள்ளியாக மேடு கட்டும். அந்த மேட்டின் மேல் பிளேடை ஓட்டினால் முடியோடு தோலும் கொஞ்சம் சீவுப்படும். எனக்குக் கழுத்தில், சட்டைக் கொலர் உரசுகிற இடத்தில், சிவப்புச் சிவப்பாகப் பரு எழும்பும். அதன் மேல் தேயிலைத் தூசியின் பஞ்சு வந்து படியும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அரிப்புத் தொடங்கிவிடும். ஷேவிங் கிரீமில் என்னென்ன இருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது இந்தக் கழுத்துக்காகத்தான்.

டவுன் பாமசி அண்ணன்தான் பிரஷ் தேவைப்படாத கிரீமை முதலில் எடுத்துக் காட்டினார். “தம்பி, இதுக்கு பிரஷும் வேணாம், நுரையும் வேணாம். சும்மா பூசி இழுத்துற வேண்டியதுதான்” என்றார். முதல் பாதி சரி. அந்தச் ‘சும்மா’தான் சரியில்லை. காய்ந்த முகத்தில் சும்மா பூசி இழுத்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று டியூபைத் தூக்கி வைத்தவர்கள் எங்கள் தொழிற்சாலையிலேயே பலர் இருக்கிறார்கள்.

தாடி முடியை மிருதுவாக்குவது தண்ணீர்தான், கிரீம் இல்லை. முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். அப்படி ஊறிய முடியை வெட்ட, காய்ந்த முடிக்குத் தேவைப்படுவதை விட மிகக் குறைந்த அழுத்தமே போதும். ஊறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். சுடுதண்ணீர் என்றால் சீக்கிரம் நடக்கும், பச்சைத்தண்ணீர் என்றால் மெதுவாக நடக்கும். பிரஷும் சோப்பு நுரையும் போட்டுத் தேய்க்கிறவர்களுக்கு இந்த வேலை தானாகவே நடந்துவிடுகிறது. பிரஷ் தண்ணீரைச் சுமந்து வந்து முடிக்குள் தேய்க்கிறது, நுரை எழுப்புகிற நேரத்தில் முடி ஊறிவிடுகிறது. பிரஷ் இல்லாத கிரீமில் அந்த நேரமும் இல்லை, அந்தத் தண்ணீரும் இல்லை. அதை நாம்தான் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கிரீம் பானைக்கு மூடி மாதிரி. உள்ளே தண்ணீர் இருந்தால்தான் மூடிக்கு வேலை.

நான் செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். கேத்தலில் தேநீருக்குக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து, வாளித் தண்ணீரோடு கலந்து, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டு வருவேன். சோப்புப் போட்டு முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். அந்தப் பிசுக்கு இருக்கிற வரைக்கும் தண்ணீர் முடிக்குள் ஒழுங்காக இறங்காது. பிறகு ஒரு சிறிய துவாயை அந்தச் சூட்டுத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, தாடையிலும் கழுத்திலும் வைத்துக்கொண்டு நிற்பேன். ஆறினதும் மறுபடி நனைப்பேன். துவாயை எடுத்த பிறகு முகத்தைத் துடைக்கவே கூடாது. ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும்போதே கிரீமைப் பூச வேண்டும். மெல்லியதாகப் பூசினால் போதும். முடியின் அடி தெரிய வேண்டும். வெள்ளையாக அப்பி வைத்தால் பிளேட் அடைத்துக்கொள்வதைத் தவிர வேறு லாபம் இல்லை.

இனி டியூபுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம் வீடுகளில் அம்மாமார், அப்பாயிமார் முகத்துக்குப் பூசிய ஸ்னோ ஞாபகம் இருக்கிறதா? பிரஷ் இல்லாத ஷேவிங் கிரீம் அந்த ஸ்னோவின் உடன்பிறப்பு. இரண்டுக்கும் அஸ்திவாரம் ஸ்டியரிக் அமிலம் என்ற மெழுகு போன்ற கொழுப்பமிலம். அது ஏறக்குறைய 69 பாகை செல்சியஸில்தான் உருகும். அதை உருக்கி, காரம் ஒன்றைச் சேர்த்து, ஒரு பகுதியை மட்டும் சோப்பாக மாற்றுவார்கள். மாறாமல் மிஞ்சுகிற அமிலம் ஆறும்போது நுண்ணிய படிகமாகிவிடும். சில கிரீம்களைப் பிதுக்கினால் முத்து மாதிரி ஒரு மினுமினுப்புத் தெரியுமே, அது இந்தப் படிகங்களின் வேலை. உண்டான சோப்பு, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. நுரைக்கிற கிரீமில் சோப்பு ஏராளம். இதில் கொஞ்சம்தான், மீதி எல்லாம் கொழுப்பும் எண்ணெயும் தண்ணீரும். அதனால் நுரை வராது, வழுக்கும். காரத்தன்மையும் குறைவு. அமிலமா காரமா என்று காட்டுகிற பிஎச் அளவு, சோப்பு நுரையில் சாதாரணமாக 9, 10 என்று காரப் பக்கம் இருக்கும். நம் தோல் 5 அளவில் அமிலப் பக்கம் இருக்கிறது. தினமும் ஷேவ் எடுக்கிற கழுத்துக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம்.

இது புதுச் சரக்கும் இல்லை. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் ஷீல்ட்ஸ் 1919இல் பார்பசோல் என்ற கிரீமைக் கொண்டுவந்தார். நுரை எழுப்பித் தேய்க்கிற எரிச்சல் இல்லாமல் ஷேவ் எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1925இல் வந்த பர்மா-ஷேவும் இதே வகை. நூறு வருடம் தாண்டியும் அடிப்படைக் கூட்டு பெரிதாக மாறவில்லை.

டியூபின் முன்பக்கத்தில் ‘கூல்’, ‘சென்சிட்டிவ்’, ‘நேச்சுரல்’ என்று என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் முக்கியம். பெரும்பாலான நாடுகளின் விதிப்படி பொருட்களின் பெயர்கள் எடை வரிசையில் வரும், அதிகமானது முதலில். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனதும் வரிசை கட்டாயம் இல்லை. ஆகவே முதல் ஐந்தாறு பெயர்களைப் படித்தாலே கிரீமின் குணம் பிடிபட்டுவிடும். அக்வா என்றால் தண்ணீர், அதுதான் முதலில் நிற்கும். அடுத்ததாகவோ அதற்கடுத்ததாகவோ ஸ்டியரிக் அமிலம் இருந்தால் இது நாம் பேசுகிற வகையாக இருக்கலாம். ஆனால் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட், கூடவே மிரிஸ்டிக் அமிலம், தேங்காய் எண்ணெய்க் கொழுப்பமிலம் எல்லாம் முன்னால் வரிசை கட்டி நின்றால் அது நுரைக்கிற சோப்புக் கிரீம். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பிரஷ் போட்டால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ட்ரைஎத்தனோலமைன் என்ற நீளமான பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஸ்டியரிக் அமிலத்தின் ஒரு பகுதியைச் சோப்பாக்கச் சேர்க்கிற காரம் அது. ஆனால் அதே பட்டியலில் ப்ரோனோபோல் என்ற பதனப்பொருளும் இருந்தால் நான் அந்த டியூபைத் திருப்பி வைத்துவிடுவேன். இரண்டும் சேர்ந்தால் நைட்ரோசமைன் என்ற வேண்டாத பொருள் உருவாக வாய்ப்பு இருக்கிறது.

நான் முதலில் தேடுகிற பெயர் கிளிசரின். காற்றிலிருந்தும் நாம் பூசிய ஈரத்திலிருந்தும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற குணம் அதற்கு உண்டு. சோர்பிட்டோலும் புரோப்பிலீன் கிளைகோலும் இதே வேலையைச் செய்பவை. ஜனவரி, பெப்ரவரியில் இங்கே வறண்ட காற்று அடிக்கும், உதடும் கன்னமும் வெடிக்கும். அந்தக் காலத்தில் கிளிசரின் பட்டியலின் மேல்பாதியில் இருக்கிற கிரீம் முகத்தில் காயாமல் நிற்பதைக் கையிலேயே உணரலாம். கிளிசரின் கீழே ஏதோ ஒரு மூலையில் இருந்தால், ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மறு கன்னத்துக்கு வருவதற்குள் பூசியது காய்ந்து பொருக்காகிவிடும்.

வழுக்கலைத் தருவது மினரல் ஒயில். பட்டியலில் பரஃபினம் லிக்விடம் என்றும் இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து வருவது என்று சிலர் அதை வெறுக்கிறார்கள். நன்றாகச் சுத்திகரித்துத்தான் அழகுப் பொருட்களில் சேர்க்கிறார்கள், தோல் அதை உறிஞ்சுவதும் இல்லை, ஒவ்வாமை தருவதும் அபூர்வம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. லனோலின் வேறு கதை. அது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு. வறண்ட தோலுக்கு அருமையானது, ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கம்பளி பட்டாலே தடிக்கிறது என்பவர்கள் கவனமாக இருப்பது நல்லது.

செட்டைல் அல்ககோல், ஸ்டியரைல் அல்ககோல், செட்டியரைல் அல்ககோல் என்று கண்டதும் ‘ஐயோ, ஸ்பிரிட்’ என்று பலர் பயப்படுகிறார்கள். பெயரில்தான் அல்ககோல். இவை மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருட்கள், கிரீமைக் கெட்டியாக்கும், தோலை மிருதுவாக்கும். எரிக்கிறதும் காய வைக்கிறதும் எத்தனோல். அது அல்ககோல் டினாட் என்று தனியாக எழுதியிருக்கும். ஷேவுக்குப் பிறகு தெளிக்கிற லோஷன்களில்தான் அது அதிகம்.

மெந்தோல் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது முடியை மிருதுவாக்காது, வெட்டுக்காயத்தை ஆற்றாது. தோலில் குளிரை உணர்கிற நரம்பைத் தூண்டிவிடும், அவ்வளவுதான். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ வியர்வையோடு ஷேவ் எடுக்கிறவருக்கு அது சுகமாக இருக்கலாம். தை மாதத்து விடியலில், கொட்டகலையில், ஏற்கனவே விறைத்துப் போன கன்னத்துக்கு மெந்தோல் எதற்கு? எரிச்சல் உள்ள தோலில் அது எரிச்சலை மறைத்துவிடுவதும் உண்டு. பிளேட் சுரண்டுவது நமக்கு உறைக்க வேண்டும், உறைத்தால்தான் கையைத் தளர்த்துவோம்.

இனி வாசனை. பட்டியலில் பர்ஃபியூம் என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருட்கள் ஒளிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒவ்வாமை தரக்கூடியவை என்று குறித்த வாசனைப் பொருட்கள் கழுவிவிடுகிற பண்டத்தில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயரோடு எழுத வேண்டும். லிமொனீன், லினலூல், சிட்ரோனெலோல் என்று கடைசியில் வரிசையாக வருவது அதனால்தான். அந்தப் பெயர்கள் இருப்பதாலேயே கிரீம் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் ஷேவ் எடுத்த தோல் நுண்ணிய கீறல்கள் நிறைந்த தோல், சாதாரண நாளில் சும்மா இருக்கிற வாசனை அதில் கடித்துவிடும். என் கழுத்து அடங்கியது வாசனை இல்லாத கிரீமுக்கு மாறிய பிறகுதான்.

தண்ணீர் கலந்த எந்தக் கிரீமுக்கும் பதனப்பொருள் வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பராபென் என்ற சொல்லைக் கேட்டாலே ஓடுகிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. மெத்தில்பராபென், அனுமதித்த அளவுக்குள், ஒவ்வாமை மிகக் குறைவாகத் தருகிற பதனப்பொருட்களில் ஒன்று. ஃபீனொக்சிஎத்தனோலுக்கு ஐரோப்பாவில் உச்ச அளவு 1 சதவீதம். நான் உண்மையில் தவிர்ப்பது மெத்தில்ஐசோதயசோலினோன் என்பதை. அதனால் ஒவ்வாமை பெருகியதைக் கண்டு, தோலிலேயே விட்டுவிடுகிற கிரீம்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. கழுவிவிடுகிற பொருட்களில் 0.0015 சதவீதம்தான் உச்சம். ‘பராபென் இல்லை’ என்று முன்பக்கத்தில் பெருமையாக எழுதிவிட்டுப் பின்பக்கத்தில் இதைச் சேர்த்திருந்தால் அந்தப் பெருமையில் அர்த்தமில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களும் விரதம் இருக்கிறவர்களும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. ஸ்டியரிக் அமிலம் பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். இரண்டுக்கும் பட்டியலில் ஒரே பெயர்தான். கிளிசரினும் அப்படியே. மனதுக்கு நிம்மதி வேண்டுமென்றால் வீகன் குறி இருக்கிறதா என்று பாருங்கள், முஸ்லிம் நண்பர்கள் ஹலால் குறியைப் பார்க்கலாம். குறி இல்லையென்றால் பட்டியலை எத்தனை தடவை படித்தாலும் விடை கிடைக்காது.

வவுனியாவில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். இங்கே வந்தால் “ஒங்க ஊருல நுரை என்னமா பொங்குது மாப்ள!” என்று ஆச்சரியப்படுவார். மலைத் தண்ணீர் மென்னீர், சுண்ணாம்பும் மக்னீசியமும் அதில் குறைவு. வடக்கிலும் வடமத்தியிலும் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் வன்னீர். சோப்பு கல்சியத்தோடு சேர்ந்து நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகப் படிந்துவிடும், முகத்திலும் பேசினிலும். அவருக்குப் பிரஷ் இல்லாத கிரீம் பெரிய உதவி, நுரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மலையகத்தில் இருக்கிற நமக்கு, தோல் நன்றாக இருந்தால், பிரஷும் சோப்பும் மலிவாகவும் சிறப்பாகவும் வேலை செய்யும். எல்லோரும் மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எரிகிற தோல் உள்ளவர்களுக்கும், நேரம் இல்லாதவர்களுக்கும், இன்னொருவருக்கு ஷேவ் எடுத்துவிடுகிறவர்களுக்கும்தான் இந்தக் கிரீம்.

அந்தக் கடைசி வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்த பிறகு நான்தான் அவருக்கு ஷேவ் எடுத்துவிடுகிறேன். நுரை என்றால் அது வழிந்து வாய்க்கோடிக்குள் போகும், தளர்ந்த பக்கத்து உதட்டால் அவரால் அதைத் தடுக்க முடியாது. நுரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. கிரீமை மெல்லியதாகப் பூசினால் சுருக்கமும் மச்சமும் கண்ணுக்குத் தெரிகிறது. தலையணையைச் சாய்த்து உட்கார வைத்து, தளர்ந்த கன்னத்தை இரண்டு விரலால் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளர்கிற திசையிலேயே சின்னச் சின்னதாக இழுப்பேன். கழுத்தில் முடி ஒரே பக்கமாக வளர்வதில்லை. குரல்வளைக்கு இடப்பக்கம் அவருக்கு அது பக்கவாட்டில் சுழன்று போகிறது. விரலால் தடவினால் எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் குத்துகிறது என்று தெரிந்துவிடும். வழுக்குகிற பக்கம்தான் பிளேட் போக வேண்டும். “எதிர்ப்பக்கம் இழுக்காதய்யா” என்று அவரே சொல்லுவார். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மருந்து எடுக்கிறவர்களுக்குப் பிளேட் வேண்டாம், மின்சார ரேசர்தான் பாதுகாப்பு. அதை டொக்டரிடமோ தாதியிடமோ கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ரேசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கிரீமின் கொழுப்புப் பச்சைத்தண்ணீரில் கரையாது. மூன்று, ஐந்து பிளேட் அடுக்கிய ரேசரின் இடுக்குகளில் அது அப்பிக்கொள்ளும், குழாயில் எத்தனை தரம் காட்டினாலும் போகாது. பக்கத்தில் ஒரு கோப்பை சுடுதண்ணீர் வைத்து அதில் ஆட்டினால் உடனே கழன்றுவிடும். ஒற்றை பிளேட் போட்ட பழைய இரும்பு ரேசருக்கு இந்தத் தொல்லை குறைவு. பருவும் உள்வளர்ச்சி முடியும் உள்ளவர்களுக்கும் அதுதான் நல்லது, ஏனென்றால் பல பிளேட் ரேசர் முடியை இழுத்துத் தோலுக்குக் கீழே வெட்டிவிடுகிறது. அந்த நுனி வளரும்போது தோலுக்குள்ளேயே திரும்பிப் பரு ஆகிறது. குளிரில் டியூபுக்குள் கிரீம் இறுகிப் போனால் பலமாகப் பிதுக்க வேண்டாம். முகத்தில் துவாய் வைத்திருக்கிற நேரத்துக்கு டியூபை அந்தச் சுடுதண்ணீருக்குள் நிறுத்தி வைத்தால் இளகிவிடும். எண்ணெய் தனியாகப் பிரிந்து வந்தாலோ, பழைய எண்ணெய் நாற்றம் அடித்தாலோ, திகதி மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிச் சாமான் கடைகளில் காணாமல் போனபோது இங்கே பலரும் தேங்காய் எண்ணெய்க்கும் குளிக்கிற சோப்புக்கும் போனார்கள். தேங்காய் எண்ணெய் வழுக்கும், உண்மைதான், ஆனால் அது தனியாகத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. நன்றாக ஊறிய தாடியின் மேல் இரண்டு சொட்டுத் தடவி, அதன் மேல் சோப்பு நுரை போட்டால் சமாளிக்கலாம். சலூன்களில் கடைசியில் தேய்க்கிற படிகாரக் கட்டி சின்ன வெட்டுகளில் இரத்தத்தை நிறுத்தும், ஆனால் தோலைச் சுருக்கிக் காய வைக்கும். வெட்டு இருக்கிற இடத்தில் மட்டும் வையுங்கள், முகம் முழுக்கத் தேய்க்க வேண்டாம்.

புது டியூப் வாங்கினால் நேரே முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முழங்கையின் உள்பக்கத்தில் சில நாட்கள் தொடர்ந்து இரவில் பூசி, ஷேவ் எடுக்கிற நேரம் அளவுக்கு விட்டுக் கழுவிப் பாருங்கள். ஒவ்வாமை முதல் நாளே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்தும் தடிப்பு எழும்பும். கிரீமை மாற்றியும், பிளேடை மாற்றியும், முடியின் திசையிலேயே இழுத்தும் பரு அடங்காவிட்டால், சீழ் வைத்தால், அரசாங்க ஆசுபத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். போகும்போது டியூபையும் அதன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். சில டியூபுகளில் பொருட்களின் பட்டியல் பெட்டியில்தான் இருக்கும், அதைக் குப்பையில் போட்டுவிட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று டொக்டருக்கும் கண்டுபிடிக்கக் கஷ்டம்.